வேர் கீழ்வீட்டில், இலை மேல்வீட்டில்

மூன்றாவது நாளாகத் தட்டு காய்ந்து கிடந்தது.

பெரியவள் குனிந்து, தொட்டிக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். தூசிதான் ஒட்டியது. அரை வாளித் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முன்பெல்லாம் இரண்டு குவளை ஊற்றினாலே தட்டு நிரம்பித் தரையில் வழியும். துடைத்து எடுப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். இப்போது ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது?

நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

அந்த வீட்டு மாடிப்படி, நடுவில் சதுரமாக இடம் விட்டுச் சுற்றிச் சுற்றி ஏறும். உச்சியில் கண்ணாடிக் கூரை. அந்தச் சதுரத்தின் அடியில், பெரியவளின் வாசலுக்கு நேர் எதிரே நின்றது விசிறி வாழை. முதல் முறை பார்க்கிறவர்கள் பனையா, வாழையா என்று குழம்புவார்கள். இரண்டும் இல்லை. ஆள் கனத்துக்கு மட்டைகள், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று அடுக்கி வைத்தாற்போல் கிளம்பி, பதினாலு அடி உயரத்தில் போய் விசிறியாக விரியும். ஒவ்வொரு இலையும் ஒரு ஆளைப் படுக்க வைத்துப் போர்த்திவிடுகிற அகலம்.

ஆனால் அந்த இலைகள் விரிவது கீழ்வீட்டில் அல்ல. மேல்வீட்டில்.

பெரியவளின் வாசலில் நின்று பார்த்தால் தொட்டி தெரியும், மண் தெரியும், காய்ந்த மட்டைகளை அறுத்த வடு தெரியும். யானையின் காலை மட்டும் பார்ப்பது போல. சின்னவளின் வாசலில் நின்றால் இலை, இலை, இலை. வெயில் கண்ணாடி வழியாக இறங்கி, இலைகளில் புகுந்து, அவள் வீட்டுச் சுவரெல்லாம் பச்சை அடிக்கும்.

பெரியவளின் வயிற்றெரிச்சலுக்கு அது ஒன்றே போதும். ஆனால் அதோடு நிற்கவில்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் இந்த இருவரும். அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தம்பி லிஃப்ட் மெக்கானிக். பெரியவள் கீழ்வீட்டின் முன்னறையில் பல்செட் செய்கிறாள். ஊரில் இருக்கிற பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அந்த அச்சுக்குள் மஞ்சள் நிறக் கல்மாவைத் தண்ணீரில் குழைத்து ஊற்றுவாள். அது இறுகியதும் அந்த ஆளின் வாய் அப்படியே மேஜைமேல் வந்து உட்காரும். அதன்மேல் பல் கட்டுவாள். அவள் அறை அலமாரியில் யார் யாருடையதோ வாய்கள் மஞ்சள் மஞ்சளாக வரிசை கட்டியிருக்கும். தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர்.

சின்னவள் மேல்வீட்டில் அழகுநிலையம் வைத்திருக்கிறாள். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. வருகிற பெண்கள் எல்லோரும் பெரியவளின் வாசலைத் தாண்டித்தான் படியேற வேண்டும்.

செடி வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் சின்னவள் புதுப்பெண்ணாக வந்து இறங்கியபோது, பெட்டியோடு பெட்டியாக ஒரு பெயின்ட் டப்பாவில் இதையும் கொண்டுவந்தாள். முழங்கால் உயரம். மேலே அப்போது அறைக்குள் வைத்தாள். இருட்டில் இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. ஒரு நாள் டப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அக்கா, இங்க நல்லா வெளிச்சம் விழுது. இதைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

அந்தக் 'கொஞ்சம்' ஆறு வருடமாக நீண்டது. இரண்டு தடவை தொட்டி மாற்றியது பெரியவள். மரப்பட்டை, கூழாங்கல், மணல் என்று தேடித் தேடி மண் கலந்தது அவள். குருத்து சுருண்ட ஈட்டி போல வெளியே வந்து, நாள் கணக்கில் அப்படியே நின்று, பிறகு ஒரே இரவில் விரியும். விரியும்வரை அவளுக்குக் கை ஓடாது. கை எட்டும்வரை ஈரத்துணியால் இலையைத் துடைத்தாள். பிறகு ஸ்டூல் போட்டுத் துடைத்தாள். பிறகு ஸ்டூலும் எட்டவில்லை. இலைகள் மேல்வீட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டன. பால் கொடுத்து வளர்த்த பிள்ளை, பேச்சு வந்ததும் மாடிவீட்டுக்காரியைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டது போல இருந்தது.

பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது.

ஒரு வாடிக்கைக்காரி மேலே நின்றுகொண்டு, "என்ன அழகா வளத்திருக்கீங்க, வீட்டுக்குள்ள இப்படி ஒரு மரமா," என்றாள். பெரியவள் கீழே மெழுகு உருக்கிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். 'எங்க அக்கா வளர்த்தது' என்று ஒரு வார்த்தை வரும் என்று. வரவில்லை.

"ஆமா, நல்லா வந்திருக்கு," என்றாள் சின்னவள்.

அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தையைப் பெரியவள் மூன்று மாதம் மென்றாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அது ஆறுவதற்குள் அடுத்த இடி. கொழுந்தன் ஒரு நாள் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, புது இடம் முடிவாயிடுச்சு. முன்னால கடை, பின்னால வீடு. ஹால் ரெண்டு மாடி உயரம். அவளுக்கு ஒரே குஷி. அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லியிருக்கேன். மரத்தையும் அப்பவே ஏத்திடலாம்னு."

"எந்த மரத்தை?"

"இதைத்தான்." தொட்டியைக் காலால் லேசாகத் தட்டினான். "கடைக்குப் பேரே 'விசிறி'ன்னு வெச்சிருக்கோம் அண்ணி. போர்டு எழுதியாச்சு. இலை படம்கூடப் போட்டிருக்கு."

பெரியவளின் முகம் போன போக்கைப் பார்த்து அவன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

"தொட்டி என்னோடது," என்றாள் அவள். "மண்ணு என்னோடது. ஆறு வருஷமா தண்ணி என்னோடது. இலையை வேணும்னா வெட்டி எடுத்துட்டுப் போங்க."

மேலே கத்தரிக்கோலின் சத்தம் நின்றது. சின்னவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கத்தரிக்கோல் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

அன்றிலிருந்து பெரியவள் கவனிப்பைக் கூட்டினாள். வாரம் ஒரு தடவை ஊற்றியவள் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊற்றினாள். வெறும் தண்ணீர் அல்ல. கல்மாவு குழைத்த கிண்ணங்களைக் கழுவுகிற வாளித் தண்ணீரைத்தான் அவள் எப்போதும் செடிக்கு ஊற்றுவது. மாவு அடியில் தங்கியபின் மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை மொண்டு ஊற்றுவாள். தண்ணீரும் வீணாகாது, சத்தும் சேரும். பல்லுக்கு நல்லது செடிக்குக் கெட்டதாகவா போய்விடும் என்பது அவள் கணக்கு. இப்போது தெளிகிறவரை காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லை. சத்து அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறதே என்று தோன்றிவிட்டது. கிண்ணத்தைக் கழுவிய கையோடு, மோர் மாதிரி இருக்கிற தண்ணீரை அப்படியே கொண்டுபோய் ஊற்றினாள். யார் தாய் என்று செடிக்குத் தெரியட்டும்.

செடி மஞ்சளாக ஆரம்பித்தது.

முதலில் வலது பக்கத்துக் கடைசி இலை. பிறகு அதற்கு எதிர்ப்பக்கம். குருத்து ஈட்டி விரியாமலே பழுப்பானது. தட்டில் தண்ணீர் வருவது நின்றது. எல்லாவற்றையும் குடித்துவிட்டு இன்னும் தாகம் என்கிறது என்று அவள் மேலும் ஒரு குவளை ஊற்றினாள். மண்ணில் மூக்கை வைத்துப் பார்த்தாள். குப்பென்று ஒரு நாற்றம் அடித்தது. எங்கேயோ முகர்ந்த நாற்றம். யோசித்தாள். மேல்வீட்டில் முடிக்குச் சாயம் போடுகிற நாளில் படிக்கட்டு முழுக்க அடிக்குமே, கண்ணைக் கரிக்கிற அந்த நெடி.

குவளையைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"ஏங்க," என்றாள் கணவரிடம். அவர் முதல் டிரிப் முடித்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "அவ மேல இருந்து சாயத் தண்ணிய ஊத்துறா."

"எதுல?"

"மரத்துல."

"அவளே எடுத்துட்டுப் போகணும்னு துடிக்கிற மரத்துலயா?"

"தனக்கு இல்லாதது எனக்கும் இருக்கக் கூடாதுன்னு."

அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "ஞாயித்துக்கிழமை வீடு மாத்தணும். நாளைக்கு ரெண்டு பொண்ணுக்கு அலங்காரம் பண்ணணும்னு ஓடிக்கிட்டிருக்கா. விஷம் வெக்க அவளுக்கு நேரம் ஏது?"

"நீங்க அவ பக்கம் பேசுறீங்க."

"நான் யார் பக்கமும் இல்ல. இந்த டீ பக்கம்."

"அந்தக் கிளாஸைக் குடுங்க இப்படி."

பாதி டீயோடு கிளாஸ் பறிபோனது. சாட்சி இல்லாமல் இந்த வீட்டில் எதுவும் எடுபடாது என்று பெரியவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வேவு பார்க்க உட்கார்ந்தாள்.

கதவை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தாள். பல் டாக்டர்கள் வாய்க்குள் விடுகிற நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி அவளிடம் நாலைந்து உண்டு. அதில் ஒன்றை மெழுகு வைத்துக் கதவுச் சட்டத்தில் சாய்வாக ஒட்டினாள். முன்பின் நகர்த்திச் சரிசெய்தாள். காசு அளவுக் கண்ணாடியில் மேல்வீட்டுக் கைப்பிடிச் சுவர் வந்து நின்றது. மேஜையில் யாரோ ஒரு பெரியவரின் கீழ்த்தாடைப் பல்செட். கை பாட்டுக்கு அதைத் தேய்த்தது. கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

பத்தரை. ஒரு வாடிக்கைக்காரி ஏறினாள். பதினொன்று. மேலே நாற்காலி இழுபடும் சத்தம். பதினொன்றேகால். ஒன்றுமில்லை. தாடையில் தேய்க்க வேண்டியதற்கு மேல் தேய்த்துவிட்டது தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெரியவருக்கு இனி கடைவாய் கொஞ்சம் ஆடும்.

பதினொன்றரைக்குக் கண்ணாடியில் ஒரு கை வந்தது.

சின்னவளின் கை. வளையல் இல்லாமல், முழங்கைவரை சாயக் கறையோடு. அந்தக் கையில் ஒரு பாட்டில். கைப்பிடிச் சுவரில் உடம்பைச் சாய்த்து, எட்டி, இலைகளுக்கு நடுவில் அந்தப் பாட்டிலை நீட்டினாள். புஸ் என்றது. மறுபடி புஸ்.

பெரியவள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். நாற்பத்தைந்து வயதில், மூட்டுவலியோடு, அந்தப் படிகளை அப்படி ஏறியவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

"என்ன அது கையில?"

சின்னவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். உள்ளே நாற்காலியில், தலை முழுக்க வெள்ளித்தாள் சுற்றிய ஒருத்தி, வறுக்க வைத்த கோழி போல அசையாமல் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தண்ணிக்கா."

"சாயம் கலந்த தண்ணி."

"வெறும் தண்ணி."

"வெறும் தண்ணிக்கா மரம் இப்படி சாகுது? மண்ணை மோந்து பாத்தேன். உன் கடை நாத்தம் அப்படியே அடிக்குது. எனக்கு மூக்கு இல்லன்னு நெனச்சியா?"

சின்னவள் ஒரு வினாடி அவளையே பார்த்தாள். பிறகு பாட்டிலைத் திருப்பி, தன் வாயைத் திறந்து, உள்ளே இரண்டு தடவை அடித்துக்கொண்டாள். விழுங்கினாள்.

"போதுமா? இன்னும் குடிக்கவா?"

வெள்ளித்தாள்காரி, "எனக்கு நேரமாகுது," என்று மெல்லச் சொன்னாள்.

"இருங்க," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"காலையில எழுந்ததும் இலையத் துடைக்கிறேன்," என்றாள் சின்னவள். குரல் உயரவில்லை. "காத்து காஞ்சு கெடக்குன்னு தண்ணி அடிக்கிறேன். என் வாசல்ல மொளச்ச இலை, அதுக்கு நான் என்ன செய்ய? கீழ இறங்கி மண்ணைத் தொடலாம்னா நீங்க மொறைப்பீங்க. ஒரு மாசமா ஒவ்வொரு இலையா பழுத்து விழுறதை மொதல்ல பாக்கிறது நான்தான். நான் விஷம் வெக்கிறேனாம்."

"இல்லாட்டி எப்படி..."

"எப்படின்னு செடி தெரிஞ்சவர் வந்து சொல்லட்டும். வரச் சொல்றேன். தப்பு என் மேலன்னு அவர் சொன்னா மரம் உங்களுக்கு. நான் பேச மாட்டேன்."

"உன் மேல இல்லன்னா?"

சின்னவள் கதவருகே போய்விட்டுத் திரும்பினாள். "அப்ப என்னோடது."

கதவு சாத்திக்கொண்டது. பெரியவள் கீழே இறங்கினாள், ஒவ்வொரு படியாக.

செடிக்கடைக்காரர் சனிக்கிழமை காலையில் வந்தார். தடித்த மனிதர், சட்டைப் பையில் மடக்குக் கத்தி. வந்ததும் யாரிடமும் பேசவில்லை. மண்ணில் ஒரு கம்பியைச் செருகி இழுத்தார். முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"வேர் அழுகுது."

"எது ஊத்தினா அழுகும்?" என்று கேட்டாள் பெரியவள். கேட்கும்போது கண் சின்னவள் மேல் இருந்தது.

"எது ஊத்தினாலும் அழுகும். தண்ணி தேங்கினா." தட்டைத் தூக்கிப் பார்த்தார். "இது இவ்வளவு காஞ்சிருக்கு. அடியில ஓட்டை இருக்கா, இல்லியா?"

"இருக்கு. என் கையால பாத்து வாங்கின தொட்டி."

"அப்ப அடைச்சிருக்கு. சாய்ச்சுப் பாத்துடலாம். ரெண்டு பேர் புடிங்க."

அண்ணனும் தம்பியும் மட்டைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மேலே நின்று சின்னவள் இலைகளைக் கைப்பிடிச் சுவரிலிருந்து விடுவித்துக் கொடுத்தாள். மரம் மெல்லச் சாய்ந்தது. கடைக்காரர் பிளாஸ்டிக் தொட்டியின் பக்கவாட்டைக் கத்தியால் கீறினார். கீறிய இடத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் பீறிட்டு, வராந்தா முழுக்க ஓடியது. எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். அழுகிய முட்டை நாற்றம். முடிச்சாயத்தின் நெடிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது பெரியவளுக்கு அப்போதே உறைத்தது. ஆனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

மண்கட்டியை இழுத்து வெளியே கிடத்தினார்கள். தொட்டியின் அடியில் எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வெளியிலிருந்து இரண்டு குத்து விட்டார். டொக் என்று விழுந்தது.

வட்டமான ஒரு கல். தட்டு அளவு அகலம், இரண்டு விரல் கனம். நடுவில், ஓட்டை இருந்த இடத்தில், கடைவாய்ப் பல்லின் வேர் போல ஒரு முளை.

மஞ்சள் நிறம்.

பெரியவளுக்கு அந்த மஞ்சள் தெரியும்.

முன்பு ஒரு தடவை அவள் அறையில் கை கழுவும் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டபோது, குழாய்க்காரர் அறுத்து எடுத்துக் காட்டியதும் இதே மஞ்சள்தான். 'இந்த மாவு தண்ணிக்குள்ளயே இறுகும்மா, குழாயில விடாதீங்க,' என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்துதான் வாளியில் கழுவுவது. குழாயைக் காப்பாற்றினாள். குழாய்க்குப் போக வேண்டியதை எல்லாம் கொண்டுவந்து இங்கே ஊற்றினாள். சத்து என்று. கூழாங்கல்லுக்கும் மணலுக்கும் இடையில் மாவு வடிந்து வடிந்து, அடியில் போய், தொட்டிக்கே அச்செடுத்து இறுகியிருக்கிறது. தொட்டி அடியில் இருந்த வளையக் கோடுகள் ஒன்று விடாமல் பதிந்திருந்தன. ஒரு குமிழி இல்லை. இவ்வளவு சுத்தமாக அவள் மேஜையில்கூட ஒரு வார்ப்பு வந்ததில்லை.

"என்னது இது, சிமெண்டா?" என்றார் அவள் கணவர்.

சின்னவள் இறங்கி வந்தாள். கல்லை எடுத்தாள். புரட்டினாள். நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். பெரியவளின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அலமாரியில் மஞ்சள் வாய்கள் எல்லாம் வரிசையாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. சின்னவளின் பார்வை அங்கே போயிற்று. அங்கிருந்து பெரியவளின் முகத்துக்கு வந்தது. நின்றது.

பெரியவள் மூச்சு விடவில்லை.

"தொட்டி விக்கிறவங்க போட்டதா இருக்கும்," என்றாள் சின்னவள், சாதாரணமாக. "அடி கனமா இருக்கணும்னு."

"ஆமா ஆமா," என்றான் கொழுந்தன். "பெரிய செடி சாயாம இருக்க அப்படிப் பண்ணுவாங்க. ஏமாத்துக்காரப் பசங்க."

"யார் தப்பும் இல்ல," என்றாள் சின்னவள். கல்லைக் குப்பை வாளியை நோக்கிக் கொண்டுபோனாள்.

பெரியவளுக்குள் ஒரு மூச்சு நேரம் அப்பாடா என்று இருந்தது. ஒரே ஒரு மூச்சுதான். அடுத்த மூச்சில் அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய எரிச்சல் கிளம்பியது. இதுவரை எரிந்ததெல்லாம் வெறும் கங்கு என்று தோன்றும்படி.

இவள் தெரிந்தேதான் மறைக்கிறாள். மன்னித்துவிட்டாள். இனி எந்த விசேஷத்தில் பார்த்தாலும், எந்தப் படியில் எதிர்ப்பட்டாலும், அந்த மன்னிப்பு அவள் கண்ணில் இருக்கும். வாய் திறந்து சொல்லவே மாட்டாள். சொல்லாமலே ஆயுசுக்கும் ஒரு படி மேலே நிற்பாள். இலையை எடுத்துக்கொண்டாள். பேரை எடுத்துக்கொண்டாள். போர்டில் எழுதிக்கொண்டாள். இப்போது நல்லவள் என்கிற பட்டமும் அவளுக்கேவா?

மற்றதெல்லாம் போகட்டும். அது மட்டும் நடக்காது.

"கீழ வை அதை," என்றாள் பெரியவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தொட்டி வித்தவன் போடல. நான் போட்டது. என் கல்மாவு. கிண்ணம் கழுவின தண்ணியத்தான் ஊத்தினேன். மரத்துக்கு சத்துன்னு நெனச்சேன்." தோளை நிமிர்த்திக்கொண்டு, பரிசு வாங்க மேடை ஏறியவள் போலச் சொன்னாள். "அவ மேல அநியாயமா பழி போட்டேன். எனக்காக யாரும் பொய் சொல்ல வேணாம்."

கொழுந்தன் மட்டைகளைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டான். செடிக்கடைக்காரர் மட்டும் தலையாட்டி, "பாசம் அதிகமானா தண்ணியும் அதிகமாகும், நான் நெறைய பாத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு வேரை அறுக்க உட்கார்ந்தார்.

சின்னவள் கல்லைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் நன்றி இல்லை, கருணையும் இல்லை. சுருக்கென்று கோபம்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பெரியவளுக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது.

"ஒரு தடவையாவது நான் பெரிய மனுஷியா இருந்துக்கிறேனே, அதுக்குக்கூட விட மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"தெரியும்." சின்னவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "நான் இலையத் துடைக்கிறப்ப கீழ தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும். உசுரு அங்கதானே போகுது, நாம சும்மா தூசி தட்டுறவதானேன்னு இருக்கும். யாராவது கேட்டா உங்க பேரைச் சொல்ல வாய் வராது. நாக்கு நுனிவரைக்கும் வரும், வராது."

பெரியவள் அந்த வார்த்தைகள் உள்ளே போய் இறங்குவதற்கு இடம் விட்டாள். இத்தனை மாதமாகத் தொண்டையில் நின்றது எதுவோ நகர்ந்தது. இவளுக்கும் எரிந்திருக்கிறது. நன்றாக எரிந்திருக்கிறது. இதை முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் மரத்துக்கு இந்தக் கதி வந்திருக்காது.

"முக்கால் வாசி வேர் போச்சு," என்றார் கடைக்காரர் நிமிராமல். "மூணு இலைய விட்டுட்டு மிச்சத்தை வெட்டிடறேன். இருக்கிற வேருக்கு அதுக்கு மேல தாங்காது. ரெண்டு வாரம் ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. பக்கவாட்டுல நல்லா வெளிச்சம் வர்ற இடமா வேணும், இந்தக் கெணத்துக்குள்ள வேணாம். பொழச்சாலும் பொழைக்கும். யாரு பாத்துக்கப் போறீங்க?"

கத்தி மட்டும் கரகரவென்று அறுத்துக்கொண்டிருந்தது. பெரியவள் தரையில் கிடந்த மரத்தைப் பார்த்தாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக அதன் இலைகள் அவள் கால்மாட்டில் இருந்தன. குனிந்து ஒன்றைத் தொட்டாள். அடியில் நரம்பு நரம்பாக, சுத்தமாக, ஒரு தூசி இல்லை. இவ்வளவு சுத்தமாக அவள்கூடத் துடைத்ததில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒத்துக்கொண்டாள், மனசுக்குள் மட்டும்.

"அவதான்," என்றாள். "பேசினபடி அவளோடது. என் கையில இருந்தா நான் தண்ணி ஊத்திடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. மிஞ்சிய மூன்று இலைகளையும் சேர்த்துத் துணி சுற்றி, சின்னவள் அதைக் குறுக்கே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியவள் வாசலில் நின்று, துணி சரியாகக் கட்டவில்லை என்று இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டவைத்தாள்.

ஏழு வாரம் எந்தச் செய்தியும் இல்லை. அவளும் கேட்கவில்லை. கணவரை விட்டுத் தம்பியிடம் ஜாடையாகக் கேட்கச் சொன்னாள். அவர், "நான் அந்த டீ பக்கம்தான்," என்று சொல்லிவிட்டார்.

எட்டாவது வாரம், மதியம், ஒரு மேல்தாடைக்குப் பல் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா." சின்னவளின் குரலில் மூச்சு வாங்கியது. "குருத்து வந்திருக்கு."

பெரியவளின் கையிலிருந்த பல் உருண்டு மேஜைக்கு அடியில் போயிற்று. அவள் தேடவில்லை. நெஞ்சு பொங்கிக் கண் வரை வந்துவிட்டது.

"நெசமாவா? எவ்வளவு?"

"ரெண்டு சாண் இருக்கும். போன வாரம்தான் மூக்கு நீட்டிச்சு. நல்ல பச்சை. ஜன்னல் பக்கம் திரும்பி நிக்குது."

ஒரே வாரத்தில் இரண்டு சாண். பெரியவள் கண்ணைத் துடைத்த புறங்கை காய்வதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள். இங்கே இருந்த ஆறு வருடத்தில் எந்தக் குருத்தும் அவளுக்கு அந்த வேகத்தில் வந்தது கிடையாது. ஒரு சாண் வருவதற்கே பத்து நாள் இழுக்கும்.

"ரெண்டு சாண்தானா?" என்றாள். "இங்க ஒரு வாரத்துக்கு மூணு வரும்."

"ஓஹோ," என்றாள் சின்னவள் மறுமுனையில். நம்பவில்லை என்பது அந்த ஓஹோவிலேயே தெரிந்தது. பெரியவளும் நம்ப வைக்க முயலவில்லை.

"நீங்க வந்து பாருங்களேன்," என்றாள் சின்னவள் கடைசியில். "வர்றவங்க எல்லாம் கேக்கிறாங்க."

"என்ன சொல்றே?"

"நல்லா வந்திருக்குன்னு சொல்றேன்."

"வேற?"

"நீங்க வந்து பக்கத்துல நின்னீங்கன்னா சொல்றேன்."

பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கிழமை வரேன். கடை தெறந்திருக்கும்ல? கூட்டம் இருக்கிற நேரமா பாத்துச் சொல்லு."